ரெண்டே நிமிஷம்தான்

தொடர்பியல் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில், பட்டன் வைத்த பிளாஸ்டிக் கோப்பும் நூலில் கட்டிய பேனாவுமாக எதிர்ப்படுவோரை எல்லாம் "ரெண்டே நிமிஷம்தான்" என்று மறிக்கும் ஆய்வேட்டு மாணவர் பல்கலைக்கழகம் உள்ள ஊர்களிலெல்லாம் காணப்படுபவரே எனினும், அவருடைய இயல்பு முழுமையாக வெளிப்படுவது விடுமுறைக்குத் திரும்பும் சொந்த ஊரில்தான். அவர் ஆந்திரத்தின் பலமனேர்ப் பிள்ளையாக இருந்து, திருப்பதியில் படிப்பவராயின் மொகிலி மலைப்பாதை ஏறியும், பெங்களூரில் படிப்பவராயின் முல்பாகல் வழியாகவும் வந்து இறங்கும்போது, பையில் துவைக்க வேண்டிய துணியைவிட நிரப்ப வேண்டிய படிவமே அதிகமாக இருக்கும். ஆய்வேட்டின் தலைப்பு "பலமனேர் இளைஞர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு" என்பதாகும், ஏட்டைத் திறப்பவர் அதைச் சமையல் நூல் என்று மயங்கிவிடக் கூடும் என்ற முன்னெச்சரிக்கையாலேயே "ஓர் ஆய்வு" என்பது தலைப்பின் கடைசியில் சேர்க்கப்படுகிறது போலும்.

படிவங்கள் நூறு. ஏன் நூறு என்று கேட்பவருக்கு அவர் சேப்பல் ஹில்லைக் காட்டுவார். 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது அந்த ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் இருவர் நூறு வாக்காளர்களை நேர்கண்டு, மக்கள் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைச் செய்தி ஊடகங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன என்ற நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாட்டை 1972-இல் வெளியிட்டார்கள். அந்த நூறு பேரும் யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதும், அவர்கள் படித்த செய்தித்தாள்களும் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளும் தனியே அலசப்பட்டு அவர்களுடைய விடைகளோடு ஒப்பிடப்பட்டன என்பதும் நம் மாணவருக்குத் தேர்வுத் தாளில் மட்டும் நினைவுக்கு வரும். ஆய்வேடு வரைக்கும் பயணம் செய்து வந்தது நூறு என்ற எண் ஒன்றுதான்.

இனி அந்த நூறு பேரைப் பிடிக்கும் வகை. ஆய்வு முறையியலில் வசதி மாதிரி என்று ஒன்று உண்டு. எளிதில் அகப்படுவோரையே ஆய்வுக்குரியவராகக் கொள்வது என்பது அதன் பொருள். இந்த வசதியைத் திருமண மண்டபம் அளிப்பதுபோல் வேறெதுவும் அளிப்பதில்லை. முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை விழாத அந்த இடைவேளையில், எழுந்து போனால் நாற்காலி போய்விடும் என்ற அச்சத்தால் அசையாமல் அமர்ந்திருக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும் எவ்விதத் தப்பித்தலும் இன்றி அகப்படுவார்கள். அட்சதை காயுமுன்னே முப்பது படிவங்கள் நிரம்பிவிடும். தலைப்பில் இளைஞர்கள் என்றிருப்பதும் மாமாக்களுக்கு ஐம்பது கடந்திருப்பதும் முரணாகாதா என்றால், வயதுக் கட்டத்தில் "36-க்கு மேல்" என்று ஒரு வரி அதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆய்வேட்டின் நான்காம் இயலில் பலமனேர் மக்களின் ஊடகப் பழக்கம் என்று பின்னர் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் பெண் வீட்டாரின் ஊடகப் பழக்கமே.

மண்டபத்தில் கிடைக்கும் விடைகளின் தரம் தனியே ஆராயத்தக்கது. 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனப்பான்மையை எண்ணால் அளப்பதற்கு வகுத்த முறையில், ஒரு கூற்றுக்கு "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பது முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" என்பது வரை ஐந்து படிகள் உண்டு. படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் மாணவர் ஒவ்வொரு கூற்றையும் தமிழிலும், பக்கத்து நாற்காலிக்காரருக்காகத் தெலுங்கிலும் வாயால் சொல்ல, மாமாவின் கண் பந்திக்கூடத்தின் கதவிலேயே இருக்க, "சமூக ஊடகம் என் குடும்ப உறவுகளைப் பாதித்துள்ளது" என்பதற்கும் "சரிப்பா", "சமூக ஊடகம் என் குடும்ப உறவுகளை வலுப்படுத்தியுள்ளது" என்பதற்கும் "அதுவும் சரிதாம்பா" என்று விடை வரும். கேட்பவரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டும் இப்போக்கை இசைவுச் சாய்வு என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றன. மாணவர் அந்த எச்சரிக்கையை இரண்டாம் பருவத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதித் தேறியவர் ஆதலால், அதனோடு அவருக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது.

மண்டபத்துக்கு வெளியே வேலை இவ்வளவு சுலபமில்லை. தக்காளி மண்டிக்குச் சென்றால், "மாத வருமானம்" என்னும் கட்டத்தின் முன் எல்லாம் நின்றுபோகும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதும், வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதுமான ஒரு காயை நம்பி வாழும் விவசாயி, "எந்த மாசத்தைச் சொல்றது தம்பி?" என்று நியாயமாகவே திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியில் ஒரு முழு ஆய்வேட்டுக்கான பொருள் இருக்கிறது. மாணவரோ நடுக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, "அடுத்து, இன்ஸ்டாகிராமில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று நகர்ந்துவிடுகிறார்.

ஊருக்குள்ளோ வேறு சிக்கல். 2019 ஆகஸ்டு முதல் ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் ஐம்பது வீட்டுக்கு ஒருவர் வீதம் அரசுத் தன்னார்வலர்கள் ஆந்திரத்துத் தெருக்களில் விவரம் சேகரித்துத் திரிந்ததால், தாளும் பேனாவுமாக வாசலில் நிற்கும் எந்த இளவயதினரும் சர்க்காரைச் சேர்ந்தவர் என்றே முதியவர்கள் கொள்கிறார்கள். அவ்வா உள்ளே போய் ஆதார் அட்டையோடு வருகிறார்.

"பென்ஷன் நாலாயிரம்னு ஏத்திட்டாங்களே, எனக்கு மட்டும் ஏம்பா வரல?"

"இல்லவ்வா, இது காலேஜ் ப்ராஜெக்ட்."

"அது சரி. என் பேரை எழுதிக்கினியா?"

செய்தியை அனுப்புபவர் நினைத்த பொருளும் பெறுபவர் கொண்ட பொருளும் வேறுபடுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எந்த வகுப்பறையிலும் காண முடியாது. இருந்தும் ஆய்வேட்டில் இவ்வுரையாடல் "தகவலாளி 47, பெண், ஊடகப் பயன்பாடு இல்லை" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

மாணவர் வினாப்படிவத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். அதை அவருக்குக் கொடுத்த துறைக்கோ மேலான முன்னோடிகள் உண்டு. 1940-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர் அறுநூறு வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, வானொலியும் செய்தித்தாளும் வாக்கை மாற்றும் என்ற எதிர்பார்ப்போடுதான் சென்றார்கள்; ஆனால் வாக்காளர்களோ அண்டை வீட்டாரையும் உடன் வேலை செய்வோரையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராத அந்தப் பேச்சைத் தள்ளிவிடாமல் குறித்துக்கொண்டதன் விளைவே, ஊடகச் செய்தி முதலில் கருத்துத் தலைவர்களை அடைந்து அவர்கள் வழியாகவே மற்றவர்களுக்குப் பரவுகிறது என்னும் இருபடி ஓட்டக் கோட்பாடு. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றபோதும், கணக்கெடுப்போடு நில்லாமல் மானிடவியலாளர் சிலர் கிராமங்களிலேயே தங்கி, பெட்டியின் முன் அமர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார்கள்.

பலமனேரைச் சுற்றிக் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1980-களில் யானைகள் வந்து தங்கத் தொடங்கிய அக்காட்டை ஒட்டிய ஊர்களில், இரவில் யானை எந்தப் பக்கம் இறங்கியது என்ற செய்தி ஒரு கொல்லையிலிருந்து மறு கொல்லைக்கும், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் எப்படிப் போகிறது, யார் சொன்னால் நம்புகிறார்கள், யார் சொன்னால் மறுபடி படுத்துக்கொள்கிறார்கள், எது கைபேசியில் போகிறது, எது தகரத்தட்டில் போகிறது என்பவையெல்லாம் தொடர்பியல்தான். படிவத்தின் முப்பத்திரண்டு வினாக்களில் யானை இல்லை. யானையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய விவசாயியிடம், "அது இருக்கட்டும்ணே, வாட்ஸ்அப் குழுக்கள் எத்தனையில் இருக்கீங்க?" என்று கேட்டு அவரை வழிக்குக் கொண்டுவருவதையே மாணவர் நேர்காணல் திறமை என்று கருதுகிறார்.

நகைப்பதற்கு இடமில்லாத ஒன்றும் அப்படிவத்தில் உண்டு. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இப்பகுதியில், திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட இதே மண்ணில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைவாசலில் பேசப்படும் ஊரில் சுற்றும் அத்தாளில், தாய்மொழிக்கான கட்டங்கள் தெலுங்கு, ஆங்கிலம், மற்றவை என மூன்றே. தமிழ் வீட்டில் பிறந்த மாணவர் தம்முடைய பாட்டியின் படிவத்தில் "மற்றவை" என்று டிக் அடிக்கிறார். வழிகாட்டிப் பேராசிரியர் சென்ற ஆண்டுப் படிவத்தைக் கொடுத்தார், சென்ற ஆண்டு அதற்கு முந்தைய ஆண்டுப் படிவத்தைக் கொடுத்திருந்தார் என்பது விளக்கமே தவிர மன்னிப்பாகாது. நான்கு பருவங்களாகக் கோட்பாட்டாளர்களின் பெயரையும் ஆண்டையும் ஒப்பிக்கச் சொன்னவர்கள், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பதற்கு ஒரு வாரமாவது பயிற்சி அளித்திருக்கலாம்.

ஆயினும் அவர் கெட்டவர் அல்லர். வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். பால் கணக்கில் வரும் பணத்திலிருந்துதான் அவருடைய விடுதிக் கட்டணம் போகிறது. பதில் சொல்பவர்களுக்கு வாங்கித் தரும் டீ அவருடைய சொந்தச் செலவு. தகவலாளி 47-ஐயும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாள் அவ்வாவைப் பிள்ளையார் சுழி போட்ட பையோடு வார்டு சச்சிவாலயத்துக்கு அழைத்துச் சென்று, அவ்வா தமிழில் புலம்பியதைத் தெலுங்கிலும், அதிகாரி தெலுங்கில் சலித்துக்கொண்டதைப் பாதி மறைத்துத் தமிழிலும் சொல்லி, கைரேகை பதியாததே காரணம் என்று கண்டறிந்து, மனு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். அரைநாள் பிடித்த அந்த வேலையை அவர் ஆய்வில் சேர்க்கவில்லை, ஏனெனில் அன்று படிவம் ஒன்றும் நிரம்பவில்லை என்பது அவர் வருத்தம்.

விடுமுறை முடிகையில் கையில் அறுபத்தொரு படிவங்கள் இருக்கும். மீதி முப்பத்தொன்பதும் விடுதியறையில், இரவு பதினொன்றுக்கு மேல், மூன்று நிறப் பேனாக்களாலும் இரண்டு நண்பர்களின் இடக்கையாலும் நிறைவு பெறும். அவற்றின் விடைகள் உண்மையானவற்றைவிட ஒழுங்காகவும் கோட்பாட்டுக்கு அணுக்கமாகவும் இருப்பது இயல்பே. பிறகு வட்ட விளக்கப்படங்கள் வண்ணத்தில் அச்சாகும், ஐந்தாம் இயல் "மேலும் விரிவான ஆய்வு தேவை" என்று பரிந்துரைக்கும், நீல ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து பதியும். அடுத்த ஆண்டு இளைய மாணவர் ஒருவர் "அண்ணா, சாஃப்ட் காப்பி இருக்கா?" என்று கேட்க, அவர் பெருந்தன்மையோடு அனுப்பிவைப்பார்; பெற்றுக்கொண்டவர் பலமனேர் என்ற சொல்லை எல்லா இடத்திலும் புங்கனூர் என்று ஒரே தட்டலில் மாற்றுவார்; படமாக ஒட்டப்பட்ட நான்காம் இயலின் இரண்டாம் அட்டவணையில் மட்டும் பலமனேர் அப்படியே இருக்கும், வாய்மொழித் தேர்வில் அவ்வளவு தூரம் யாரும் புரட்டுவதில்லை.