பொட்டிக்குள்ள காவிரியா, கண்ணு?

பழைய சாமானாப் பொறுக்கி, 25 ஆயிரம் ரூவாய்க்குள்ள, உள்ளுக்குள்ள தண்ணி ஓடற கேம் கம்ப்யூட்டர் ஒண்ணு கட்டப்போறயாமே கண்ணு? உங்கம்மா சொன்னா. அப்புச்சிக்கு ரொம்பச் சந்தோசம். நம்ம வம்சத்துல இதுவரைக்கும் தண்ணி இல்லாத எடத்துல கெணறு வெட்டுனவங்கதான் இருந்தாங்க. கரண்டு ஓடற எடத்துல வாய்க்கா வெட்டற மொத ஆளு நீதான்.

தாளவாடிப் பக்கம் காடு பாத்துக்கிட்டு இருந்துட்டு, வயசான காலத்துல மவ ஊடுன்னு மைசூருக்கு வந்து ஒக்காந்திருக்கற கெழவனுக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணுந் தெரியாது. தண்ணி, மோட்டாரு, கொழா, ஒழுக்கு, இந்த நாலுந்தான் தெரியும். உன்ற பொட்டியில இந்த நாலும் வருதுங்கறதால ரவ வாயத் தொறக்கறேன். புடிச்சா எடுத்துக்கோ. புடிக்கலைன்னா எப்பவும் போலக் காதுல பாட்ட மாட்டிக்கோ.

மொதல்ல உன்ற தண்ணிக்கு என்ன சோலின்னு பாப்போம். சிப்பு மேல ஒரு செம்புத் தகடு ஒக்காந்திருக்கும். அதுக்குள்ள மயிரிழைச் சந்து வெட்டியிருக்கும். தண்ணி அதுல நொழஞ்சு சூட்ட வாங்கிக்கும். பம்பு அதத் தள்ளிக்கிட்டுப் போயி ரேடியேட்டர்ல உடும். ரேடியேட்டர் முதுகுல காத்தாடி சுத்தும். சூடு காத்தோட போயிரும், தண்ணி திரும்பி வந்துரும். ஆகக்கூடி, தண்ணி சூட்டத் தூக்கிக்கிட்டுப் போறதோட சரி, ஆத்தறது காத்தாடிதான். காத்தாடி சத்தம் போடுதுன்னுதானே நீ தண்ணிக்குப் போன? இப்ப காத்தாடியும் இருக்குது, மேக்கொண்டு ஒரு பம்பும் இருக்குது, ஒழுகறதுக்குக் கொழாயும் இருக்குது. நல்ல யாவாரம்!

இன்னொண்ணு. எத்தன தண்ணி உட்டாலும் ரூம்பு சூட்டுக்குக் கீழ சிப்பு எறங்காது. நம்ம மைசூரு கடல் மட்டத்துக்கு மேல சுமாரா 770 மீட்டர் ஒசரத்துல ஒக்காந்திருக்குது. சித்திரை மாசத்துல 35 டிகிரி அடிச்சா ஊரே ஒப்பாரி வெக்குது. வேலூர்க்காரன் தண்ணி வேணும்னு கேட்டா ஞாயம் இருக்குது. சாமுண்டி மலைக் காத்துல போத்திக்கிட்டுத் தூங்கற பய நீ கேக்கறதுதான் அதிசயம்.

சரி, ஆத்த வேண்டிய சூடுதான் எவ்வளவு? கணக்குப் போடுவோம். நீ தாள்ல குறிச்சு வெச்சிருக்கற ஐ5-8500 புராசசருக்குக் கம்பெனிக்காரன் எழுதி வெச்சது 65 வாட். ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டுக்கு 120 வாட். ரெண்டையும் கூட்டுனா 185. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ரெண்டு எரிஞ்சா வர்ற சூடு கூடக் கெடையாது. உங்க அம்மாயி ஒரு நாளும் அந்த பல்புக்குத் தண்ணி காட்டுனதில்ல. மீறிச் சூடேறுனாலும் சிப்பு ஒண்ணும் செத்துப் போயிராது. 100 டிகிரி கிட்டப் போனா தானாவே வேகத்தக் கொறச்சுக்கும். உன்னையவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி.

பழைய சாமான்ல வண்டி ஓட்டறதுன்னா என்னன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். யாதவகிரியில ஐடியல் ஜாவா பைக் ஃபேக்டரி இருந்துச்சு. 1961-ல வண்டி வெளிய வர ஆரம்பிச்சுது. 1996-ல பூட்டுப் போட்டாங்க. பூட்டுப் போட்டு இத்தன வருசம் ஆச்சு, அங்க செஞ்ச யெஸ்டி இன்னும் தெருவுல படபடன்னு போவுது. வருசா வருசம் ஜூலை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஜாவா-யெஸ்டி தினம்னு கூட்டமாக் கெளம்பறாங்க. எப்பிடி ஓடுது? சிலிண்டரச் சுத்தித் தகடு தகடா ஃபின்னு, அதுல படற காத்து, அவ்வளவுதான். கழண்டு போறதுக்குக் கொழாயும் இல்ல, நின்னு போறதுக்குப் பம்பும் இல்ல. உடைய எத்தன சாமான் கம்மியோ அத்தன வருசம் ஆயுசு. பழைய சாமானுக்கு இதுதான் சட்டம்.

'2018-ல வந்த புது ஜாவா தண்ணிலதானே ஆறுது அப்புச்சி'ன்னு நீ கேப்பே. உன்ற வாய் எனக்குத் தெரியாதா? வாஸ்தவந்தான். 293 சிசி, லிக்விட் கூலிங். ஆனா அது மைசூர்ல செஞ்சதில்ல கண்ணு, மத்தியப் பிரதேசத்துல பிதாம்பூர்ல செஞ்சது. அதுல தண்ணி ஒழுகுனா சட்டையப் புடிச்சுக் கேக்க ஒரு கம்பெனி இருக்குது. உன்ற பொட்டி ஒழுகுனா நீ யாரு சட்டையப் புடிப்பே? கண்ணாடி முன்னாடி நின்னு உன்ற சட்டையத்தான் புடிக்கணும். ஆப்பிள் கம்பெனிக்காரனே 2004-ல பவர் மேக் ஜி5-னு தண்ணி ஓடற பொட்டி ஒண்ணு போட்டான். கொஞ்ச வருசத்துல அதுல பல பொட்டி ஒழுகி, போர்டெல்லாம் அரிச்சுப் போச்சு. அவன்கிட்ட இஞ்சினியர் பட்டாளம் இருந்துச்சு. உன்கிட்ட ஸ்குரூ டிரைவரும் உன்ற தங்கச்சியுந்தான் இருக்குது.

இப்ப சந்தைக்குப் போவோம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ரயிலேறப் போறயாமே, போ. ஆனா சாமான் ஏன் மலிவாக் கெடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வர்றதுக்கு மைக்ரோசாஃப்ட்காரன் கடையச் சாத்திட்டான். இன்டெல் சிப்புல எட்டாவது தலமுறைக்குக் கீழ இருக்கறதுல ஒண்ணு ரெண்டு தவிர மத்ததெல்லாம் விண்டோஸ் 11 ஏத்துக்காத சாதி ஆயிப்போச்சு. ஆபீசுக்காரங்க அதையெல்லாம் மூட்ட கட்டி வெளிய தள்ளறாங்க. கடைக்காரர் 'ஐ7 சார், ஐ7'னு உன்ற கையில திணிப்பாரு. எத்தனாவது தலமுறைன்னு ஒரு வார்த்த கேளு. நாலாவது தலமுறை ஐ7-ஐ வாங்கறதவிட நீ குறிச்ச எட்டாவது தலமுறை ஐ5 மேலு. அந்த ஒரு விசயத்துல மட்டும் நீ என்ற பேரன்தான்.

ஆபீஸ் பொட்டிய முழுசா வாங்குனா இன்னொரு வம்பு இருக்குது. அதுல கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் பல கம்பெனிக்குச் சொந்த அளவு, வெளிச் சாமான் சேராது. உன்ற 1060-க்கு 6 பின் ஒயர் வேணும், அதுல இருக்காது. அந்தப் பொட்டிக்கு ஜிடிஎக்ஸ் 1650-ல தனி ஒயர் கேக்காத மாடல் பாரு. 75 வாட்டுக்குள்ள சொருகற எடத்துலயே கரண்டு எடுத்துக்கும்.

அப்பறம் கார்டு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி வரைக்கும் எத்திரியம்னு ஒரு டிஜிட்டல் காசத் தோண்டறதுக்கு உலகம் பூரா கார்டுங்க ராப்பகலா ஒழைச்சுது. அன்னைக்கு எத்திரியங்காரன் முறைய மாத்துனான், கார்டுக்கெல்லாம் வேல போச்சு. அதுங்கதான் 'வீட்டுப் பையன் ரவ நேரம் வெளையாண்டது'ன்னு சந்தைக்கு வந்து நிக்குது. ஒழைச்ச கார்டுன்னு ஒதுக்க வேண்டாம், பாத்து வாங்கு. தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது, காசு குடுத்து வாங்கறதப் பாக்கலாம். காத்தாடிய வெரலால சுத்தி உடு, ஆடுதா, கரகரங்குதான்னு பாரு. தகட்டு ஓரத்துல எண்ணெ கசிஞ்சிருக்குதான்னு பாரு. கடையிலயே மாட்டி அரை மணி நேரம் லோடு குடுத்து ஓட்டச் சொல்லு. திரையில புள்ளி, கோடு வந்தா கும்புடு போட்டுட்டு வந்துரு. ஜிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேரப் போட்டுப் பேரச் சரி பாரு. உள்ள பழைய ஜிடிஎஸ் 450 சிப்ப வெச்சு, மேல 1050 டிஐன்னு பேரு எழுதி வித்த மகராசனுங்க உண்டு. ஆர்எக்ஸ் 580-ன்னு சொல்லி 2048எஸ்பி மாடலத் தள்ளுவாங்க. அதுக்குப் பேருதான் 580, ஒடம்பு 570.

எஸ்எம்பிஎஸ் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். புதுசு, நல்ல கம்பெனி, பில்லோட வாங்கு. மத்த சாமான் போனா அது ஒண்ணுதான் போகும். எஸ்எம்பிஎஸ் போனா போற போக்குல போர்டையும் கார்டையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகும்.

இவ்வளவு சொல்லியும் உன்ற மொகத்துல தண்ணிதான் ஓடுது. சரி, கெழவன் ஞாயமும் பேசறேன். ஒரே அளவு எடத்துக்கு, காத்தவிடத் தண்ணி 3,000 மடங்குக்கு மேல சூடு புடிக்கும். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ மாதிரி 250 வாட் திங்கற கார்ட ஒரு குட்டிப் பொட்டியில அடைக்கறவனுக்கும், சிப்பச் சாட்டையடிச்சு ஓவர்கிளாக் பண்றவனுக்கும் தண்ணி தேவைதான். இல்ல, எனக்கு அழகுக்கு வேணும்னு சொல்றயா? அதையும் ஒத்துக்கறேன். மீசை எதுக்கு வெக்கறாங்க? ஆனா அழகுக்குன்னு வாயத் தொறந்து சொல்லோணும். 'ஹீட் இஸ்யூ அப்புச்சி'ன்னு கதை உடக் கூடாது.

அப்பிடி கட்டறதா இருந்தா, கொழாத் தண்ணியப் புடிச்சு ஊத்திராதே. நம்மூருக்கு வர்றது காவிரியும் கபினியும். அந்தக் காவிரிக்காக 1892-ல ஒரு ஒப்பந்தம், 1924-ல ஒரு ஒப்பந்தம், 2018-ல சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி-ன்னு பைசா சுத்தமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அதுல உன்ற பொட்டிக்குன்னு ஒரு லிட்டர் எங்கயும் எழுதல. அது கெடக்கட்டும். கொழாத் தண்ணியில இருக்கற உப்பு அந்த மயிரிழைச் சந்துல படிஞ்சு அடைச்சுப்புடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. பாசி புடிக்காம இருக்கவும் அரிக்காம இருக்கவும் அதுக்குன்னு விக்கற மருந்தக் கலக்கு. செம்புத் தகட்டுக்குச் செம்பு, பித்தளை ரேடியேட்டர்தான் சேத்தி. மலிவாக் கெடைக்குதுன்னு அலுமினிய ரேடியேட்டரப் போட்டா, ஒரே தண்ணியில செம்போட கூடி அலுமினியம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

மாட்டுன ஒடனே ஸ்விட்ச்சத் தட்டாதே. எஸ்எம்பிஎஸ்ல இருந்து பம்புக்கு மட்டும் ஒயர் குடு. போர்டுக்கும் கார்டுக்கும் கரண்டு போகக் கூடாது. 24 பின் கனெக்டர்ல பச்ச ஒயரையும் கருப்பு ஒயரையும் ஜம்பர் போட்டுச் சேத்தா எஸ்எம்பிஎஸ் தனியா ஓடும். ஒவ்வொரு மூட்டுக்கடியிலயும் டிஷ்யூ காயிதத்த வெச்சு, ஒரு நாள் பூரா ஓட உடு. காயிதம் நனையலைன்னா அப்பறம் உன்ற கேமப் பாரு.

பம்பு, கொழா, ரேடியேட்டர் எல்லாம் ஒண்ணாச் சேத்து மூடி வர்ற ஏஐஓ கூலர் பழசாக் கெடைக்குதுன்னு மட்டும் போயிராதே. ரப்பர் கொழா வழியாத் தண்ணி வருசத்துக்கு ரவ ரவயா ஆவியாப் போயிரும், திருப்பி ஊத்த வழி பெரும்பாலும் வெச்சிருக்க மாட்டான். யாராவது தலையில கட்டப் பாத்தா காதுகிட்ட வெச்சுக் குலுக்கு. சலசலன்னா தண்ணி கொறஞ்சிருச்சு. ஓட உட்டு ரெண்டு கொழாயவும் தொட்டுப் பாரு. ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு சில்லுன்னு இருக்குதுன்னா உள்ள ஓட்டமே இல்ல. மாட்டறப்ப ரேடியேட்டரோட மேல்தலை பம்பவிட ஒசரமா இருக்கோணும். இல்லைன்னா காத்து பம்புக்குள்ள ஏறிக்கும். ஏர் லாக் ஆன மோட்டாரு எப்பிடிக் கத்தும்னு நீ நம்ம தோட்டத்துல கேட்டிருக்கே.

அந்த கலர் கலரா மின்னற லைட்டு வேறயா? மைசூரு அரண்மனைக்கே சாதாரண நாள்ல அலங்கார லைட்டு ரவ நேரந்தான். உன்ற பொட்டிக்கு மட்டும் தெனம் தசராவா?

தீர்ப்பக் கேட்டுக்கோ. புது எஸ்எம்பிஎஸ், சோதிச்சு வாங்குன பழைய கார்டு, எட்டாவது தலமுறை சிப்பு, 16 ஜிபி ரேமு, ஒரு எஸ்எஸ்டி. சிப்பு மேல நல்லதா ஒரு காத்தாடிக் கூலரு, காஞ்ச பழைய பேஸ்ட்டத் தொடச்சுட்டுப் புதுசு ரவ. தண்ணிச் சாமானுக்கு வெச்ச காசையும் கார்டுக்கே போடு, கேம் அதுலதான் ஓடுது. அதையும் மீறிப் பம்பு மாட்டோணும்னு கை ஊறுச்சுன்னா, நம்ம ஊட்டு சம்பு மோட்டாருல வாசர் தேஞ்சு தீவாளியில இருந்து சொட்டிக்கிட்டு இருக்குது. ஞாயித்துக்கிழமை அத மாத்திக் குடு கண்ணு. அந்த ஒழுக்க நிறுத்திட்டயின்னா, உன்ற பொட்டிக்குத் தண்ணி உட அப்புச்சியே காசு தர்றேன்.