தப்புதான் மாமா

கட்டடத்துக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. கிருமாம்பாக்கத்தில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர், கீழே ஒரு பசு. பீமில் எத்தனை கம்பி என்று நான் எழுதுவேன். மேஸ்திரி அதில் இரண்டைக் குறைப்பார். குறைப்பார் என்று தெரிந்துதான் நானும் இரண்டு கூட்டி எழுதுவேன். இந்தப் பரஸ்பர நம்பிக்கையில்தான் பாகூர் வட்டாரத்தில் பல வீடுகள் நிற்கின்றன.

போன ஆடியில் ஒரு கம்பெனி ஷெட் வேலை வந்தது. எனக்குக் கூலி எண்பதாயிரம். ஆனால் ஒரு கோடி ரூபாய்க்கு ‘ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ பாலிசி எடுத்துக்கொண்டு வந்தால்தான் கையெழுத்து என்றார்கள். என் கணக்கு பிசகி அவர்களுக்கு நஷ்டம் வந்தால் இன்சூரன்ஸ்காரன் கொடுப்பான் என்று அம்மாவிடம் விளக்கினேன்.

“நான் தப்பு பண்ணுவேன்னு நீயே காசு கட்டி எழுதிக் கொடுக்கிறியா?” என்றார்.

இதைவிடச் சுருக்கமாக எந்த ஏஜெண்டும் எனக்கு இதை விளக்கவில்லை.

வந்த ஏஜெண்டுக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் பாலிசி. ஊரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குப் பிறகு டாக்டர்களுக்கு இது ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் அதே படிவத்தை நீட்டினார். படுக்கை எத்தனை? ஒன்று. அழகு சிகிச்சை உண்டா? பூச்சு, பட்டி, பெயிண்ட் எல்லாம் பார்ப்போம் என்றேன். “அதுக்குக் கவர் கிடையாது சார்” என்றார், சிரிக்காமல்.

புதுச்சேரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் மச்சானிடம் யோசனை கேட்டேன். வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்தில் வரமாட்டார்கள் என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம். அந்தக் குஷியில் இருந்தார். கேஸ் தோற்றால் என்ன செய்வீர்கள் என்றேன். “அப்பீல். அதுக்குத் தனி ஃபீஸ்.” பீமுக்கு அப்பீல் இல்லை.

சரியான படிவம் வந்த பிறகுதான் தலை சுற்றியது. ஒரு கோடி எடுத்தால் ஒரே விபத்துக்கு ஒரு கோடியும் கிடைக்கும் என்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுத்தால்தான் கிடைக்கும். ஒன்றுக்கு நான்கு என்றால் பிரீமியம் குறையும். விபத்துக்கு இருபத்தைந்து லட்சம், வருஷத்துக்கு மொத்தம் ஒரு கோடி. ஷெட் இடிந்தால் நாலு தவணையாகவா இடியும்? ஒன்றுக்கு ஒன்றையே கேட்டேன்.

அடுத்தது தேதி. பாலிசி நடப்பில் இருக்கும்போதே புகார் வந்து சேர வேண்டும். புகாருக்குக் காரணமான வேலையும் பாலிசியில் போட்டிருக்கும் முன்தேதிக்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும். முதல் தடவை எடுப்பவனுக்கு அந்த முன்தேதி அநேகமாக எடுத்த நாள்தான். நடுவில் ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆக, இத்தனை வருஷம் நான் கட்டிவைத்த வீடுகள் அத்தனையும் அநாதை.

அதில் மூத்த அநாதை பெரிய மாமா வீடு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அவருடைய கூரையைப் பிரித்துப் போட்டது. அடுத்த வருஷம் கட்டிய மெத்தை வீடு என் முதல் டிராயிங். சன்ஷேடின் வாட்டத்தை வெளிப்பக்கம் காட்டுவதற்குப் பதிலாகச் சுவர்ப்பக்கம் காட்டிவிட்டேன். மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் கூடத்துக்கு வரும். ஒவ்வொரு ஐப்பசியிலும் மாமா ஃபோன் போடுவார். போவேன், அத்தை காப்பி கொடுப்பார், “தப்புதான் மாமா” என்பேன், மறுநாள் ஓர் ஆளை அரை மூட்டை சிமெண்டோடு அனுப்புவேன். கணக்கு தீர்ந்தது. எங்கள் ஊரில் இண்டெம்னிட்டி என்பது இதுதான்.

பாலிசியைப் படித்தால் இதற்குத்தான் தடை. கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, ஈடு தருவதாகவும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒப்புக்கொண்டால் அந்த கிளெய்மே கேள்விக்குறி. அரை மூட்டை சிமெண்டும் வாக்குதான். இன்னொரு பத்தியில், நாமாகக் கொடுக்கும் கியாரண்டிக்கும் பொறுப்பில்லை என்று இருந்தது. “நூறு வருஷம் நிக்கும்” என்று சொல்லாமல் இந்தத் தொழிலில் யார் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்?

பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியோடு கட்டினேன். பாலிசி வந்த அன்று சாயங்காலமே மழை பிடித்தது. மாமாவிடமிருந்து ஃபோன். ஒரு நிமிஷம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் அவர் வீடு முன்தேதிக்கும் முந்தையது, பாலிசிக்குள் வராது என்பது ஞாபகம் வந்தது. தாராளமாகச் சொன்னேன்: “தப்புதான் மாமா.”

போன ஆடிக்குப் பிறகு என்னிடம் டிராயிங் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரிசல் கிரிசல் விட்டால் தயவுசெய்து காப்பிக்குக் கூப்பிடாதீர்கள். கடிதம் போடுங்கள்.