எட்டு விடை தெரிந்த ஊரில் நாலு பாணி

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதும் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற பாடமும் வந்து சேர்ந்தது. மனிதர்கள் பேசுவது நான்கு பாணியாம்: அடங்கிப் பேசுவது, அடித்துப் பேசுவது, உள்ளே குத்தி வெளியே சிரிப்பது, உறுதியாகப் பேசுவது. கடைசியது மட்டுமே உத்தமமாம்.

பேச்சை வகை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூல் என்ற இலக்கண நூலில், கேள்விக்குச் சொல்லும் விடைகளை எட்டாகப் பிரித்துவிட்டார். புதுச்சேரி கரிக்கலாம்பாக்கத்துப் பையனிடம் "வீட்டுப்பாடம் எழுதினியாடா?" என்று கேட்டுப் பாருங்கள். "நீங்க குடுத்தீங்களா சார்?" என்பது வினா எதிர் வினாதல். "கை வலிச்சுது சார்", உற்றது உரைத்தல். "படம் வரைஞ்சிருக்கேன் சார்", சுத்தமான இனமொழி! "எழுதிட்டேன்" என்கிற நேர் விடைதான் அபூர்வம். இலக்கணத் தேர்வில் இதே பையன் எட்டில் மூன்றை எழுதிவிட்டு முழிப்பான் என்பது வேறு கதை.

இவனுக்குத்தான் உறுதியாகப் பேசச் சொல்லித்தருகிறார்கள்: கண்ணைப் பார், குரலை உயர்த்தாதே, "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று தெளிவாகச் சொல். நல்ல பாடம். காதுகுத்துப் பந்தலில் தாய்மாமனிடம் இதை முதலில் பாடம் நடத்தும் பயிற்சியாளரே சொல்லிக் காட்டட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், பந்தி முடியட்டும்.