மாருதி 800-இன் வயதுக் குறைப்பில் 13 அங்குலச் சக்கரத்தின் பங்கு: ஓர் ஆய்வு

பழைய காருக்குப் பெரிய சக்கரம் எதற்கு என்று கேட்டால் உரிமையாளர் ‘லுக்கு’ என்பார். டயர் கடைக்காரர் ‘கிரிப்பு’ என்பார். இரண்டும் மேலோட்டமான விளக்கங்கள். மாருதி 800-இல் 12 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 13 அங்குல அலாய் மாட்டுவதன் மெய்ப்பயன் வண்டிக்கு வயது குறைவதே என்று நிறுவ முற்படுகிறது இக்கட்டுரை. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஆகவே இளம் மாதிரிகள் இனிப் பிறக்கப்போவதில்லை. இருப்பவற்றைத்தான் இளமையாக்கியாக வேண்டும்.

சான்று டயரின் மேலேயே அச்சாகியிருக்கிறது. 145/70 R12 என்றால் டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். அதில் 70 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். ரிம் 12 அங்குலம். மேலொன்று கீழொன்றாகப் பக்கச்சுவரை இருமுறை கூட்டி ரிம்மையும் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர் வரும். 155/65 R13 மாட்டினால் 532. கிலோமீட்டருக்கு 627 முறை உருண்ட சக்கரம் இனி 599 முறை உருண்டால் போதும். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதே. சாலையை அது கண்டதே இல்லை. ஆதலால் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கையில் மீட்டர் 95,500 என்றே காட்டும். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் மூன்று முறை போய்வந்தாலும் தீராத தூரம் கணக்கில் ஏறவேயில்லை. மீட்டரைத் திருப்பி வைப்பது மோசடிதான், ஐயமில்லை. இங்கோ மீட்டர் ஒரு சுற்றைக்கூட விடாமல் நேர்மையாக எண்ணுகிறது. எண்ணுவதற்குத்தான் சுற்றுகள் குறைந்துவிட்டன.

முதல் மறுப்பு மைலேஜ்காரர்களிடமிருந்து வரும். பெரிய டயர் போட்டதிலிருந்து லிட்டருக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது என்பார்கள். இவர்கள் தூரத்தை அளப்பது எதைக் கொண்டு? மேற்படி மீட்டரைக் கொண்டு. உண்மையில் 18 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அது 17.2 என்றுதான் சொல்லும். அதற்கு மேலும் குறைந்தால் அது ரிம்மின் எடை, டயரின் அகலம் இவற்றின் கைங்கரியம், அதை மறுப்பதற்கில்லை. இரண்டாம் மறுப்பு மரபுவாதிகளுடையது: ரிம் பெரிதானால் பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டம் 3 விழுக்காட்டுக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. 165/55 R13 அவ்விதிக்கு அழகாக அடங்கும்; விட்டம் நான்கு மில்லிமீட்டர்தான் கூடும். பொறியியல் நோக்கில் குறையொன்றும் இல்லை. ஆனால் வயது ஒரு விழுக்காடுகூடக் குறையாத சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவார்கள்? முள் 80-இல் நிற்கும்போது வண்டி 84-இல் போகிறதே என்பது அடுத்த குற்றச்சாட்டு. இளமை திரும்பியவர்கள் சற்று வேகமாகப் போவது இயல்பு. அபராத ரசீதும் அந்த இயல்பையே உறுதிசெய்யும்.

பிரேக் பற்றிய மறுப்பை இப்படித் தட்டிவிட முடியாது. சக்கரத்தின் ஆரம் கூடக்கூட, அதே பிரேக் அதே அழுத்தத்தில் தரும் பிடி குறையும். எஞ்சினின் இழுவையும் அதே அளவு, ஏறத்தாழ 4.5 விழுக்காடு, குறையும். 796 சிசி எஞ்சினுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது சிறிய தொகையல்ல. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியானால் அந்த எழுபதையும் ஓட்டுநரின் தோள்பட்டையும் எண்ணும். தேருக்குப் பெரிய சக்கரம் இல்லையா என்று எதிர்க்கேள்வி கேட்கலாம்தான். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் கேள்வி தானே அடங்கும். இனி, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். அதற்கு மருந்தாக ஸ்பேசர் போட்டால் பேரிங்குக்கு நோய் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வண்டியை மாற்றுவதை விரும்புவதில்லை. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் காலையில் பழைய சக்கரங்கள் பரணிலிருந்து இறங்குவது இதன் பொருட்டே. அந்த ஒரு நாள் மட்டும் வண்டி தன் உண்மை வயதில் ஓடும்.

இவ்வாய்வின் மிகச் சிக்கலான பகுதி ஸ்டெப்னி. நான்கு அலாய் வாங்குபவர் ஐந்தாவதை வாங்குவதில்லை; டிக்கியில் கிடப்பது பழைய 12 அங்குலமே. மாருதியில் எஞ்சின் திருப்புவது முன்சக்கரங்களை. ஆகவே முன்பக்கம் பஞ்சராகி ஸ்டெப்னி ஏறினால், ஒரு பக்கம் 627, மறுபக்கம் 599 என்று சுழலும்; இரண்டின் சராசரி மீட்டருக்குப் போய், 4.5 விழுக்காட்டு இளமை பாதியாகும். இந்தச் சுழற்சி வேறுபாட்டை டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சமாளிக்க வேண்டியிருப்பதால் அது வேறு தேயும். பின்சக்கரத்தில் ஏறினாலோ வண்டி ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். மீட்டருக்குச் செய்தியே போகாது. ஆணிகள் இந்த வேறுபாட்டை அறியும் வரை, முன்சக்கரம் பஞ்சரானால் பின்னாலிருக்கும் அலாயை முன்னுக்கு மாற்றி ஸ்டெப்னியைப் பின்னுக்கு மாட்டுவதே முறை. அதற்கு ஜாக்கியை இரண்டு முறை வைக்க வேண்டும்.