கூண்டுக்குள் ஒரு மரம்: பச்சோந்தி கேள்வி-பதில்

கே: எங்கள் தோட்டத்து முருங்கை மரத்தில் ஒரு பச்சோந்தி குடிவந்திருக்கிறது. கூண்டு கட்டி வளர்க்க ஆசை. "அது விஷம், கிட்டே போகாதே" என்கிறார் அப்பா. யார் ஜெயிப்பது? – ஏழாம் வகுப்பு மாணவி, தென்காசி

ப: விஷம் பற்றிய வழக்கில் மகளுக்கு வெற்றி. உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. மனிதரை வருத்தும் விஷம் எதற்கும் இல்லை. பிடித்தால் சீறும், வாயைப் பிளந்து காட்டும், மிஞ்சினால் கடிக்கும்.

கூண்டு பற்றிய வழக்கில் அப்பாவுக்கு வெற்றி. இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கும் உயிர். அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். முருங்கையில் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தாலே போதும். அந்த விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது.

வெளிநாட்டு இனங்களுக்கும் விதிகள் உண்டு. ஏமன் பச்சோந்தி உட்படப் பெரும்பாலானவை, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பிராணிகளை இந்தியாவில் வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டில் பச்சோந்தி வளர்க்க அனுமதியே இல்லை. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பண்ணையில் பிறந்த குஞ்சுகள் கடைக்கு வருகின்றன. இனி வரும் பதில்களெல்லாம் அங்கே முறைப்படி வாங்குகிறவர்களுக்கு.

கே: மகனின் பிறந்தநாளுக்கு ஏமன் பச்சோந்தி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் ஒரு மீன் தொட்டி காலியாகக் கிடக்கிறது. மீன் காலி செய்த வீட்டில் பச்சோந்தியைக் குடிவைக்கலாமா? – ஒரு தந்தை, டொரொன்டோ

ப: வேண்டாம். அந்தத் தொட்டியில் மறுபடி மீனே இருக்கட்டும்.

பச்சோந்தி மரவாசி. பயந்தால் மேலே ஏறும், குளிர்ந்தால் மேலே ஏறும், சூடு அதிகமானால் இலைகளுக்குள் இறங்கும். ஏறவும் இறங்கவும் இடமில்லாத வீட்டில் அது செய்யத் தெரிந்த எதையும் செய்ய முடியாது. வளர்ந்த ஆண் ஏமன் பச்சோந்தி வாலோடு சேர்த்து ஒன்றரை அடியைத் தாண்டும். அதற்குக் குறைந்தது இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். இடமிருந்தால் இன்னும் பெரிதாகவே இருக்கலாம்.

அடுத்தது காற்று. நாலு பக்கமும் கண்ணாடி உள்ள தொட்டியில் ஈரமும் வெப்பமும் அப்படியே தேங்கி நிற்கும். பச்சோந்தியின் நுரையீரலில் கிருமி தொற்ற அது போதும். போதாக்குறைக்கு, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கிற ஆண் பச்சோந்திகளும் உண்டு. ஆகவே வலைக்கூண்டுதான் நல்லது. வலை அலுமினியமாகவோ பிளாஸ்டிக் பூசியதாகவோ இருக்கலாம். துத்தநாகம் பூசிய மலிவான கம்பிவலை ஆகாது. பூச்சு உதிர்ந்து வயிற்றுக்குள் போனால் நஞ்சு. டொரொன்டோ குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். அப்போது பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டுகளையும் பிளாஸ்டிக் தகட்டால் மூடி, அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி விட்டால் ஈரமும் நிற்கும், காற்றும் ஓடும்.

உள்ளே கிளைகள். பச்சோந்தியின் ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்களும் இரண்டு கொத்தாகப் பிரிந்து, இடுக்கி போலக் கிளையைக் கவ்வும். ஒரே பருமனில் வழவழப்பான குச்சிகளை அடுக்கினால் பாதங்களில் புண் வரும். விரல் பருமன் முதல் கட்டைவிரலைவிடத் தடித்தது வரை, சொரசொரப்பான காய்ந்த மரக்கிளைகளைப் பல உயரங்களில் குறுக்காக வைத்து, ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். கீழே விழுந்தால் எலும்பு முறியும்.

கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது. உறுதியான மேசை மேல் ஏற்றி, மேல்கிளை ஆளின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைப்பது முக்கியம். பருந்து வருகிற திசை மேல்தான் என்பது பச்சோந்தியின் பரம்பரை ஞானம். தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கிற அன்பான அப்பாவும் அதற்குப் பருந்துதான்.

கே: எங்கள் வீட்டு ஜன்னலில் நல்ல வெயில் வருகிறது. லண்டனில் இது லாட்டரி விழுந்த மாதிரி. தனியாக விளக்கு வேறு வாங்க வேண்டுமா? – ஒரு வாசகி, லண்டன்

ப: கட்டாயம் வாங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். யூவிபி என்ற புறஊதாக் கதிரை விடாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடல் வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. தாடை இளகி, கால்கள் வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுகிற குஞ்சுகள் பலவற்றுக்கு நோயின் பெயர் ஒன்றுதான்: வளர்சிதை எலும்பு நோய். வந்தபின் முழுதாகச் சரிசெய்வது கடினம். வராமல் தடுக்க ஒரு குழல்விளக்கு போதும்.

சுருள் பல்பு வேண்டாம். கூண்டின் அகலம் முழுக்க நீளும் டி5 வகைக் குழல்விளக்கு, 5 அல்லது 6 சதவீத யூவிபி என்று குறித்தது, நல்லது. பச்சோந்தி வெயில் காயும் கிளையில் யூவி குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும். வலையும் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும் என்பதைத் தூரம் கணக்கிடும்போது மறக்கக் கூடாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் தேய்ந்துபோகும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம் காய்வது என்பதைப் பச்சோந்தியே முடிவு செய்யும். அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் கார்ஸ்டனும் குழுவினரும் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் யூவி வெளிச்சத்தை நாடிப் போயின, போதுமான அளவு கிடைத்தவை ஒதுங்கின. இந்தப் பத்தியில் ஒரே ஒரு செய்திதான் வாசகரிடம் போய்ச்சேரும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வெளிச்சமும் நிழலும், சூடும் குளிர்ச்சியும், மேலும் கீழும் ஆகிய எல்லாமே கூண்டில் இருக்க வேண்டும். தேவையானதை அது எடுத்துக்கொள்ளும். முழுக்க வெளிச்சமான கூண்டும் முழுக்க இருண்ட கூண்டும் ஒரே அளவு கொடுமை.

கே: ராத்திரி குளிருமே என்று சிவப்பு பல்பு போட்டு வைத்தேன். பச்சோந்தி என்னை முறைக்கிறது. நன்றி காட்டும் வழக்கம் அதற்கு இல்லையா? – அதே வாசகி

ப: தூங்க விடாத விருந்தோம்பலுக்கு யார்தான் நன்றி சொல்வார்கள்? சிவப்பு வெளிச்சம் பச்சோந்தியின் கண்ணுக்குத் தெரியும். இரவில் அதற்குத் தேவை முழு இருட்டும் சற்றுக் குளிர்ச்சியும். ஏமன் மலைகளில் இரவுகள் குளிர்ந்தவையே. வளர்ந்த பச்சோந்திக்கு இரவில் 18 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினாலும் தொல்லை இல்லை.

பகலில் வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி. கீழே போகப் போக அறையின் வெப்பம். பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அந்த அளவிலும் கொஞ்சம் குறைவு. வெப்ப பல்பைக் கூண்டுக்கு வெளியே, வலைக்கு மேல் பொருத்த வேண்டும். உள்ளே தொங்கவிட்டால் பச்சோந்தி அதன் மேலேயே ஏறிவிடும், முதுகு வெந்துபோகும். எல்லா விளக்குகளும் டைமரில் பகல் 12 மணி நேரம்.

கே: கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்ணாவிரதமா? – கல்லூரி மாணவர், மொன்றியல்

ப: கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்று அதற்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஏமனிலும் சவுதியின் தென்மேற்கு மலைகளிலும் இலையில் படியும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகிய இனம் அது. துளி மின்ன வேண்டும், இலையிலிருந்து வழிய வேண்டும். அப்போதுதான் நாக்கு நீளும்.

விடிகாலை விளக்கு எரியும் முன்பும், இரவு விளக்கு அணையும் நேரத்திலும் சில நிமிடங்கள் நீர் தெளிக்கலாம். பகலில், மேலிருந்து இலைகள் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி ஒரு பாத்திரம் வைக்கலாம். இரவில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது நல்லது. பகலில் இலைகள் காய்ந்து 30 முதல் 50 சதவீதத்துக்கு இறங்கிவிட வேண்டும். நாள் முழுக்க நனைந்த கூண்டு நோயைக் கூப்பிடும். வழியும் நீரைப் பிடிக்க அடியில் தட்டு வைக்காவிட்டால் வீட்டுத் தரைதான் முதலில் புகார் சொல்லும்.

தாகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள்: குழிந்த கண், எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாவது.

கே: அழகுக்குப் பிளாஸ்டிக் செடி வைக்கலாமா? – ஒரு குடும்பத்தலைவி, மார்க்கம்

ப: ஏமன் பச்சோந்தி இலையும் தின்னும், பிளாஸ்டிக்கையும் கடித்துப் பார்க்கும். உயிருள்ள செடிதான் பாதுகாப்பு. மணிபிளான்ட், குடைபோல இலை விரிக்கும் ஷெஃப்ளெரா, செம்பருத்தி மூன்றும் பழக்கமானவை. செம்பருத்திப் பூவை அது ஆசையாகத் தின்னும். அரளி, எருக்கு, டிஃபன்பேக்கியா கூடவே கூடாது. கூண்டின் ஒரு பாதியாவது பச்சோந்தி முழுதாக மறையும் அளவு அடர்ந்திருக்க வேண்டும். தேடினால்தான் கண்ணில் படுகிறது என்றால் கூண்டு நன்றாக அமைந்திருக்கிறது.

கே: தனியாக இருந்தால் பாவமில்லையா? ஜோடி சேர்க்கலாமா? – ஒரு பாட்டி, ஸ்கார்பரோ

ப: பாட்டியின் மனசு பெரிது, பச்சோந்தியின் மனசில் ஓர் ஆளுக்குத்தான் இடம். இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் உணவை விட்டுவிடும், நோயில் விழும். ஒரு கூண்டுக்கு ஒன்று மட்டும்.

கே: கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்கிறோம். பச்சைக் கூண்டில் பச்சை, நீலக் கூண்டில் நீலம் ஆகுமா? – ஒரு தொண்டர், மதுரை

ப: ஆகாது. சுவரைப் பார்த்து அது நிறம் மாற்றுவதில்லை. வெப்பத்தையும் மனநிலையையும் எதிரில் நிற்பவரையும் பொறுத்தே மாற்றுகிறது. தோல் செல்களில் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் பாந்தர் பச்சோந்தியில் கண்டறிந்தார்கள். வளர்ப்பவருக்கு இது தினசரி மருத்துவ அறிக்கை. காலையில் கறுத்திருந்தால் வெயிலைச் சேமிக்கிறது. சூடேறிய பிறகும் நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் கூண்டருகே ஏதோ பயமுறுத்துகிறது: நாய், கண்ணாடி, டிவி, ஓயாமல் கை நீட்டும் குழந்தை.

கே: எங்கள் பெண் பச்சோந்தி தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் குண்டாகி, தரையில் இறங்கிச் சுரண்டுகிறது. தப்பிக்கப் பார்க்கிறதா? – ஒரு வாசகர், பர்மிங்காம்

ப: முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் இல்லாமலும் பெண் ஏமன் பச்சோந்தி கருவுறாத முட்டைகளை இடும், அதுவும் ஒரே தடவையில் டஜன் கணக்கில். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கும். ஆகவே பெண்ணை வாங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே கூண்டின் அடியில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்குக் கழுவிய மணல், சுரங்கம் தோண்டினால் இடியாத அளவு ஈரம். தோண்டும்போது யாராவது பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும். கூண்டின் முன்பக்கம் ஒரு துணியைத் தொங்கவிடலாம். பெட்டி வைத்தும் முட்டையிடாமல், கண்ணை மூடிக்கொண்டு பகலிலும் கீழேயே கிடந்தால் அன்றைக்கே ஊர்வன மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.