சிரிப்பாணி வியாபாரம்

என்ன மருமவனே, ஜெர்மனியில ஒரு துணைக் கம்பெனி தொறக்காகளாம், அதுக்கு நீருதான் எம்டியாம்ல? உம்ம அத்தை தெருவெல்லாம் தமுக்கடிச்சிட்டா. சந்தோசம். அந்த ஊரு ஆளுகளுக்கு வேலை செய்யத் தெரியாது, பாவம். நீரு போய்ச் சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு.

உமக்கு முன்னாடியே ஒருத்தன் போனான், அமெரிக்கக் கடைக்காரன் வால்மார்ட்டு. 1997-ல வெர்ட்கௌஃப்னு 21 கடை, மறுவருசம் இன்டர்ஸ்பார் 74 கடை, மொத்தமா வாங்கிட்டான். தலைமைக்கு அமெரிக்காவுலருந்து ஒரு ஆளை எறக்குனான். அவருக்கு ஜெர்மன் ஓடாது. அதனால என்ன, ஆபீசுல எல்லாரும் இங்கிலீசு பேசுங்கன்னுட்டாக. செருப்பு கடிச்சா காலைச் செதுக்குனாப் போச்சு!

அப்புறம் பாரும், வாசல்ல ஆளை நிறுத்தி, வாறவுகளுக்கெல்லாம் வணக்கம் சொல்ல வச்சாக. கல்லாவுல நிக்கிற பொண்ணு கட்டாயம் சிரிக்கணும். ரொட்டியும் பாலும் வாங்க வந்தவன், 'இவ எதுக்கு என்னையப் பாத்து இளிக்கா'ன்னு மிரண்டுட்டான். சில ஆம்பளைக வேற கணக்குப் போட்டுக்கிட்டாக. சாமானைப் பையில அடுக்கிக் குடுக்க ஒருத்தன் கை நீட்டுனா, 'என் தக்காளியை நீ ஏம்ல தொடுதே'ங்கிற மூஞ்சி. பக்கத்துல ஆல்டி கடையில சிரிப்பும் கிடையாது, பையும் காசுக்குத்தான். விலை மட்டும் குறைச்சல். கூட்டம் எங்க போயிருக்கும்னு உமக்குத் தெரியும், நீரு எம்பிஏ.

மேலாளும் கீழாளும் காதல் பண்ணப்படாதுன்னு ஒரு நடத்தை விதியும் போட்டாக. அங்கன கம்பெனிக்குள்ளயே தொழிலாளிக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கும். அதுகிட்டக் கேக்காம இப்படியெல்லாம் விதி போட முடியாது. 2005-ல தொழிலாளர் கோர்ட்டு குட்டு வச்சுது, அதுவும் இவுக தலைமை ஆபீசு இருந்த வுப்பர்டால் ஊருலயே. மறுவருசம் மிச்சமிருந்த 85 கடையையும் மெட்ரோங்கிற அந்த நாட்டுக் கடைக்காரன் கையில குடுத்துட்டு, சுமார் நூறு கோடி டாலர் நட்டத்தோட கப்பலேறிட்டாக.

நீரு ஒண்ணுக்கும் கலங்காதேயும். கம்பெனி பதிய நோட்டரிகிட்டப் போனா, பத்திரம் பூராவையும் அவரு ஒரு வரி விடாம உரக்க வாசிப்பாரு; சட்டம் அப்படி. நீரு நடுவுல போனை நோண்டும், 'சீக்கிரம் ஆவட்டும்'னு அவசரப்படுத்தும். ஒருத்தனை வேலையை விட்டு நிறுத்தணும்னா வாட்சப்புல ஒரு வரி தட்டிவிடும். காயிதத்துல மையால கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு வக்கீலு சொன்னா, 'எங்க ஊருல இப்படித்தான்'னு அடிச்சு விடும். ஞாயித்துக்கிழமை மீட்டிங் போடும், மறந்துராதேயும்.

தலைமை ஆபீசுல குடுத்திருப்பாகளே, அந்தத் தடிப் புஸ்தகம், நடத்தை விதி, அதையும் பெட்டியில வச்சுக்கிடும். அங்க குளிரு சாஸ்தியாம். அடுப்புல போட ஆவும்.