நெகட்டிவ் மார்க் இல்லாத வீடு

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை, கேள்விதான் கேட்கிறோம். மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். உயிரியல் கேள்விகளைச் சத்தமாகப் படித்து, நாலு ஆப்ஷனையும் ஒரே குரலில் சொல்வது என் வேலை. அந்த ஒரே குரல்தான் முக்கியம். சரியான விடை வரும்போது என் குரல் லேசாக இறங்குகிறதாம். அதை வைத்தே வரிசையாகச் சரியான விடை சொல்லிக்கொண்டு வந்தவள், கிடைக்கிற மார்க் தன் படிப்புக்கா அப்பாவின் தொண்டைக்கா என்று சந்தேகம் வந்து, "ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி படிங்கப்பா" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

நான் பி.காம். வரவு எது, செலவு எது என்று தெரியும். மைட்டோகாண்ட்ரியாவைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். ஆனாலும் உறையூரில் எங்கள் தெருவில் பையாலஜி கேள்வி படிக்கும் அப்பாக்களில் நான்தான் சீனியர். அதனால் கணக்கு வழக்கெல்லாம் அத்துப்படி. மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். அதில் சரிபாதி, அதாவது 90 கேள்வி, 360 மார்க், உயிரியல். சரியாக எழுதினால் 4 வரவு; தப்பானால் 1 செலவு; தொடாமல் விட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. மத்தியானம் 2 மணி முதல் 5 மணி வரை. "பையாலஜியை முக்கால் மணி நேரத்துல முடிச்சிட்டு மிச்சத்தை பிசிக்ஸுக்குக் கொடு" என்பது பயிற்சி மையத்து சார்களின் வேதவாக்கு. அப்படியென்றால் ஒரு கேள்விக்கு அரை நிமிடம். என் அம்மாவுக்குக் கண்ணாடியைத் தேட ஆகும் நேரம்கூட இல்லை. அது தலையில்தான் இருக்கும்.

கேள்விகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், புத்தகத்திலேயே இருக்கிறது. திறமையெல்லாம் தப்பான மூன்று விடைகளில்தான். உதாரணத்துக்கு, இளநீர் என்பது என்ன? ஒன்று, வேர் உறிஞ்சிய நீர். இரண்டு, செல்சார் கருவூண். மூன்று, உட்கரு கருவூண். நான்கு, கனியின் உள்தோல் சுரக்கும் நீர். விடை மூன்று. செல் சுவர் இல்லாமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் கருவூண்தான் இளநீர்; ஓட்டைப் பிளந்து நாம் சுரண்டித் தின்னும் வழுக்கை, செல்சார் கருவூண். இப்போது மற்ற மூன்றையும் பாருங்கள். முதலாவது, உழவர் சந்தை வாசலில் இளநீர் குடித்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு. இரண்டாவது, முதல் நாள் ராத்திரி படித்துவிட்டு வழுக்கையையும் தண்ணீரையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு. நாலாவது, ஒன்றுமே படிக்காமல் படித்தவர் மாதிரி நினைத்துப் பார்ப்பவர்களுக்கு. ஆளுக்கொரு பொறி, ஆள் பார்த்து வைத்த பொறி. இந்த விடைகளைத் தயாரிப்பவர் தாவரங்களைப் படித்தவரோ இல்லையோ, மனுஷனைக் கரைத்துக் குடித்தவர்.

இதற்கு மேல் ஒரு படி, 'கூற்று–காரணம்' வகைக் கேள்வி. என்சிஇஆர்டி 12-ஆம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் நம் வீட்டு மாவுப் பாத்திரத்துக்கும் இடம் உண்டு. இட்லி, தோசை மாவைப் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன, அப்போது வரும் கார்பன் டை ஆக்சைடால் மாவு பொங்குகிறது என்று அதில் இருக்கிறது. பனை மரத்துக் கள்ளும் உண்டு. பால் தயிரானால் வைட்டமின் பி12 கூடும் என்பதும் உண்டு. ஒரு நாள் இந்த மாவுக் கேள்வியை நான் சத்தமாகப் படித்தேன்.

"கூற்று: இட்லி மாவு பொங்குகிறது. காரணம்: பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன."

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே, "கூற்று சரி. காரணம் தப்பு. என் கை" என்றார்.

"அப்பாயி, பாக்டீரியாதான் அப்பாயி."

"அப்ப மார்கழியில அது எங்கடி போவுது?"

குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும் என்று பேத்தி விளக்க ஆரம்பிக்கும் முன்பே, சமையலறையிலிருந்து என் மனைவி, "மேற்கண்ட எதுவுமில்லை. கிரைண்டர்" என்று விடையை முடித்துவைத்தாள்.

இந்தக் கேள்வி வகை எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது முதல் எனக்கு நிம்மதி போயிற்று. முன்பெல்லாம் நான் தாமதமாக வந்தால் "ஏன் லேட்டு?" என்பாள் மனைவி. "பஸ் லேட்டு" என்றால் முடிந்தது. இப்போது மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பு சொல்கிறாள்: "கூற்றும் காரணமும் சரி. ஆனால், காரணம் கூற்றுக்கான சரியான விளக்கம் அல்ல." நான் ஒரு டீக்கடையில் நின்றது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது எந்தப் பாடத்தில் வருகிறதோ!

கரப்பான் பூச்சியைக்கூட இப்போது எங்களால் நிம்மதியாக அடிக்க முடிவதில்லை. மனைவி செருப்பை ஓங்கும்போது, அதன் இதயத்துக்கு 13 அறைகள் என்றும், தலையை வெட்டினாலும் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும் என்றும் பின்னணியில் செய்தி வாசிக்கப்படுகிறது. நாலே அறை இதயத்தோடு நாற்பத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான். சின்னதாக ஒரு தாழ்வு மனப்பான்மை வந்து போகிறது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். எங்கள் பரம்பரைக்கே ஒவ்வாதது அந்த நெகட்டிவ் மார்க்தான். நம்மூரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதைக் குறைவு. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று, தில்லைநகரில் இன்ன டாக்டர் எத்தனையாவது கிராஸ் என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாது" என்று ஒருத்தர் சொல்லமாட்டார். ஒருவர் நாலாவது என்பார், ஒருவர் ஏழாவது என்பார், மூன்றாமவர் அந்த டாக்டர் செத்துப்போய்விட்டார் என்பார். நாலாவது ஆள் உங்களுக்கு என்ன உடம்பு என்று விசாரித்துவிட்டு வேறொரு டாக்டரைச் சொல்வார். கேள்வியைத் தொடாமல் விட்டவர் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பிள்ளையிடம், "தெரியலையா, வாயை மூடிக்கிட்டு அடுத்ததுக்குப் போ" என்றால் எப்படி?

ஆகவே என் பி.காம் மூளையைத் தட்டி எழுப்பி அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். "சுத்தமாத் தெரியாத நாலு கேள்வியை எடுத்துக்கோ. நாலையும் குருட்டாம்போக்குல அடி. சராசரியா ஒண்ணு சரியா வரும், 4 வரவு. மூணு தப்பு, 3 செலவு. மிச்சம் 1 லாபம்! எதுக்கு விடணும்?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கணக்கில் பிழையில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"கணக்கு சரிப்பா. ஆனா, ஒண்ணுமே தெரியாதவங்களுக்குத்தான் அது பொருந்தும். எனக்குப் பாதி தெரியுமே! பாதி தெரிஞ்சவங்க எங்க போய் விழுவாங்கன்னு பாத்துத்தானே ஆப்ஷன் வைக்கிறாங்க. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா நாலுல ஒண்ணு. பாதிக் கண்ணைத் தொறந்துக்கிட்டு அடிச்சா நாலும் போயிடும்."

உயிரியலில் நான் இதுவரை கேட்டதிலேயே சிறந்த பாடம் இதுதான். எந்த அத்தியாயத்திலும் இல்லை. ஒன்றும் தெரியாதவனுக்கு இயற்கையே நூற்றுக்கு 25 சரியான விடையை ஒதுக்கிவைத்திருக்கிறது. அரைகுறைக்கு அதுவும் கிடையாது. எங்கள் சொந்தபந்தத்தில் நடந்த பல வியாபாரங்களுக்கும், சில கல்யாணங்களுக்கும் அன்றைக்குத்தான் எனக்கு விளக்கம் கிடைத்தது.

அதன்பின் அவள் பயிற்சியைக் கவனித்தேன். சில கேள்விகளுக்கு உதட்டைப் பிதுக்கி, "இது தெரியல. அடுத்தது" என்கிறாள். வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் உச்சரிக்காத வாக்கியம் அது.

போன மாதம் அண்ணன் வந்தார். காலைக் கட்டிலில் நீட்டினார். கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. "வாம்மா டாக்டர், பெரியப்பாவுக்கு என்னான்னு பாரு" என்றார். அவள் குனிந்து பார்த்தாள், எப்போதிலிருந்து என்று கேட்டாள். "தெரியல பெரியப்பா. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்றாள். அண்ணன் முகம் வாடிவிட்டது. இவ்வளவு செலவு செய்து படிக்கவைத்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். வீடு அவரைக் கைவிடவில்லை. அம்மா வாயு என்றார். என் மனைவி புதுச் செருப்பு கடித்திருக்கும் என்றாள். நான் சுளுக்கு என்றேன். சர்க்கரைதான் என்று அண்ணனே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ஆக நாலு ஆப்ஷனும் கச்சிதமாக வந்துவிட்டன. மூட்டுக்கு முடக்கத்தான் தோசைதான் மருந்து என்று அம்மா வார்த்தும் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார் அண்ணன். யூரிக் அமிலம் கூடுதல். மூட்டில் அதன் படிகங்கள் சேர்ந்து வீங்கும் கௌட்.

"இது உங்க புஸ்தகத்துலயே இருக்கேடி! அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன் நான்.

"பாதிதான்பா தெரிஞ்சுது."

அண்ணன் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுத்த தடவை அவளிடமே காட்டுவதாகச் சொன்னார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"கூற்று சரி, காரணமும் சரி" என்றார், தோசைக்கல்லைத் துடைத்தபடி. "ஆனா வீக்கம் வத்துனது என் தோசையில."